டேங்க் கீழே ஒழுகினால் மேலேயும் பாருங்கள்

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வருடம் சிகரெட் பிடித்தவர். அதை விட்டு, ஒரு முறை பயன்படுத்தித் தூக்கியெறியும் வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறினார். 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் அவற்றை விற்கக் கூடாது என்று ஆனதும், நாமே காயில் (சூடாகும் கம்பிச் சுருள்) சுற்றிப் பஞ்சு போட்டுக்கொள்ளும் டேங்க் (லிக்விட் அல்லது ஜூஸ் எனப்படும் நிகோடின் திரவம் நிற்கும் கண்ணாடிக் கலம்) ஒன்றை வாங்கியிருக்கிறார். ஒற்றைக் காயில், கீழே காற்றுத் துளை. அவர் கேட்பது இது: "அண்ணா, பஞ்சைக் குறைத்தால் காலையில் மேசையெல்லாம் ஜூஸ். கூட்டினால் நாலு இழுப்பில் கருகல் வாசம், தொண்டை எரிகிறது. ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இரண்டு தடவை மாற்றிவிட்டேன். காயிலைத் தப்பாகச் சுற்றுகிறேனா, இல்லை டேங்க்கே மட்டமானதா?"

தம்பி, டேங்க்கைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். காயிலிலும் பெரிய தப்பு இருக்காது. காயில் சரியில்லாவிட்டால் பெரும்பாலும் சுவையும் சூடும்தான் கெடும். ஒழுகுவது வேறு கணக்கு. லிக்விட் வெளியே வருவதை நிறுத்தப் பார்க்கிறீர்கள். நிறுத்த வேண்டியது உள்ளே போகும் காற்றை.

ஊரில் கோழிக்குத் தண்ணீர் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலை நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் உள்ள தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். பாட்டிலின் வாய் தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரை மேற்கொண்டு ஒரு சொட்டு இறங்காது. கோழி குடித்து மட்டம் குறைந்ததும் வாய் வெளியே தெரியும், ஒரு குமிழி உள்ளே ஏறும், அந்தக் குமிழி அளவுக்குத் தண்ணீர் இறங்கும், மறுபடியும் நின்றுவிடும். இப்போது அந்தப் பாட்டிலின் மேல்பக்கத்தில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். தட்டு நிரம்பி வழிந்துவிடும்.

உங்கள் டேங்க்கும் அதே மாதிரிதான் வேலை செய்கிறது. கண்ணாடிக்குள் லிக்விடுக்கு மேலே இருக்கும் காற்று, வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைந்த அழுத்தத்தில் இருக்கிறது. அதுதான் லிக்விடைப் பிடித்து நிறுத்துகிறது. நீங்கள் இழுக்கும்போது காயில் அறைக்குள் அழுத்தம் குறைந்து, பஞ்சு வழியாக லிக்விட் வரும். வந்த அளவுக்குக் காற்று, அதே பஞ்சு வழியாகக் குமிழியாகக் கண்ணாடிக்குள் ஏறும். ஆக, பஞ்சு வெறும் திரி மட்டும் இல்லை. அது ஒரு வால்வு. ஈரமாக, லிக்விட் இறங்கும் துளையை முழுக்க அடைத்துக்கொண்டு, நீங்கள் இழுக்கும்போது மட்டும் குமிழியை விட வேண்டும்.

அதனால்தான் மேல்மூடியை முதலில் பார்க்கச் சொல்கிறேன். இதை நான் சிரமப்பட்டுத்தான் கற்றேன். ஒரு கடையில் வாங்கிய டேங்க் மூன்று வாரம் ஒழுகியது. தினமும் பஞ்சை மாற்றினேன், நீளம் மாற்றினேன், பிராண்ட் மாற்றினேன். கடைசியில் பார்த்தால், லிக்விட் ஊற்றும் வாயைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு. மேலே காற்று புகுந்தது, கீழே ஜூஸ் வந்தது. நீங்கள் இரண்டு தடவை மாற்றியது பெரும்பாலும் அடிப்பக்க வளையமாகத்தான் இருக்கும், ஏனென்றால் எல்லோரும் ஈரம் தெரியும் இடத்தைத்தான் பார்ப்போம். மேல்மூடி வளையம், கண்ணாடியின் மேல்விளிம்பு வளையம் இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடி விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

இதைப் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. டேங்க்கை நிரப்பி, இழுக்காமல், மடித்த டிஷ்யூ மேல் ஒரு மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். அடிக்கண்ணாடி விளிம்பைச் சுற்றி ஈரம் என்றால் அடிவளையம். நடுவில், மாடில் (பேட்டரி உள்ள கைப்பிடிப் பகுதியில்) திருகும் முனையில் ஈரம் என்றால் அந்த முனையின் இன்சுலேட்டர் தளர்ந்திருக்கலாம். காற்றுத் துளையிலிருந்து வந்தால் பஞ்சு அல்லது மேல்மூடி. இந்தக் கடைசி நிலையில் குமிழிகளைக் கவனியுங்கள். யாரும் இழுக்காதபோதே பஞ்சுத் துளையிலிருந்து குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தால் பஞ்சு போதவில்லை. குமிழியே இல்லாமல் லிக்விட் மட்டும் இறங்கினால் காற்று வேறு எங்கோ புகுகிறது, அதாவது மேலே.

சரி, இப்போது காயில். இங்கே அதிகம் மெனக்கெட வேண்டாம். 26 கேஜ் காந்தல் (Kanthal) என்னும் சூடேற்றும் உலோகக் கம்பி, 3 மில்லிமீட்டர் குச்சியில் ஆறு சுற்று. சுமார் 0.8 ஓம் வரும். 20 வாட்ஸில் தொடங்குங்கள். காற்றுத் துளைக்கு நேர் மேலே, ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில், மட்டமாக இருக்கட்டும். கம்பியின் மிச்சக் கால்களை ஸ்க்ரூவை ஒட்டி வெட்டிவிடுங்கள். நீட்டிக்கொண்டு அறைச் சுவரைத் தொட்டால் ஷார்ட் ஆகும்; பேட்டரி சம்பந்தப்பட்ட விஷயம், அலட்சியம் வேண்டாம். ஓம் அளவைக் காட்டி, ஷார்ட் ஆனால் தானே நிற்கும் மாடில் மட்டும் போடுங்கள். பஞ்சு போடும் முன் குறைந்த வாட்ஸில் விட்டு விட்டு அழுத்துங்கள். காயில் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திச் சிவந்தால், பட்டனை விட்டுவிட்டு, செராமிக் முனை இடுக்கியால் மெல்ல நெருக்கிவிடுங்கள்.

பஞ்சுக்குத்தான் உங்கள் பொறுமை முழுவதும் போக வேண்டும்.

பாட்டிமார் தொடையில் வைத்து விளக்குத் திரி உருட்டுவது நினைவிருக்கிறதா? இறுக்கி முறுக்கிய திரியில் எண்ணெய் ஏறாது, நுனி கரியாகும். தளர உருட்டிய திரி நின்று எரியும். காயிலுக்குள்ளும் அப்படித்தான், ஒரே ஒரு வேறுபாடு: காயிலுக்குள் பஞ்சு நிறைந்திருக்க வேண்டும், வெளியே தொங்கும் வால்கள் தளர்ந்திருக்க வேண்டும். நீங்கள் "பஞ்சைக் கூட்டினேன், குறைத்தேன்" என்று சொல்லும்போது இரண்டு இடத்திலும் சேர்த்துக் கூட்டியிருக்கிறீர்கள், சேர்த்துக் குறைத்திருக்கிறீர்கள். அதனால்தான் ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் கருகல்.

ஜப்பான் பஞ்சு அட்டை என்றால் மேல்தோலையும் கீழ்த்தோலையும் உரித்துவிட்டு, இழைகள் ஓடும் திசையில் ஒரு பட்டை வெட்டுங்கள். ஒரு நுனியை மட்டும் முறுக்கிக் காயிலுக்குள் நுழைத்து இழுங்கள். இழுக்கும்போது கையில் ஒரு பிடிப்பு தெரிய வேண்டும், ஆனால் காயில் அசையவோ வளையவோ கூடாது. காயில் கூடவே வந்தால் பஞ்சு அதிகம். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் குறைவு. இந்தப் பிடிப்பை நாலைந்து முறை செய்தால் விரல் கற்றுக்கொண்டுவிடும், சொல்லிப் புரியவைக்க முடியாது.

பிறகு இரு பக்கமும் டெக்கின் (காயில் உட்காரும் தட்டின்) வெளிவிளிம்பு அளவுக்கு நீளம் விட்டு, சாய்வாக வெட்டுங்கள். அப்புறம் வால்களை இடுக்கி நுனியால் தலை வாருவது போல வாருங்கள். தளர்ந்த இழைகள் கையோடு வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு வரை போனாலும் பரவாயில்லை. இந்த வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், கருகல் வாசத்துக்கு முக்கியக் காரணமும் இதுதான்.

வாரிய வாலைத் துளைக்குள் திணிக்காதீர்கள். திரைச்சீலை தொங்குவது போல மடிந்து இறங்கி, துளையின் வாயை மூலைகளோடு சேர்த்து மூட வேண்டும், துளையின் அடிவரை நெருக்கிப் போகக் கூடாது. இரண்டு சொட்டு லிக்விட் விட்டு நனைத்துவிட்டுப் பாருங்கள். நனைந்த பஞ்சு படியும். காய்ந்திருந்தபோது மூடியிருந்த துளையில் நனைந்த பிறகு ஒரு மூலை திறந்திருப்பது தெரியும். உங்கள் காலை நேர ஒழுக்கு அந்த மூலையாகவே இருக்கலாம். இடுக்கியால் அங்கே கொஞ்சம் பஞ்சைத் தள்ளி மூடுங்கள். காயிலுக்கு அடியில், காற்றுத் துளை மேல் இழை எதுவும் தொங்கக் கூடாது. தொங்கினால் அதைப் பிடித்துக்கொண்டே லிக்விட் இறங்கும். அறையின் மூடியைத் திருகும்போதும் மரையில் ஒரு இழை கூடச் சிக்கக் கூடாது. ஓ-ரிங் மேல் குறுக்கே படுத்திருக்கும் ஒற்றை இழை, திரி எண்ணெயை இழுப்பது போல ராத்திரி முழுக்க லிக்விடை வெளியே கொண்டுவந்துவிடும்.

லிக்விட் எது என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் முக்கியம். விஜி (வெஜிடபிள் கிளிசரின்) 70 சதவீதம் உள்ள கெட்டியான லிக்விடுக்கு நான் சொன்ன தளர்வு சரி. விஜியும் பிஜியும் (புரோப்பிலீன் கிளைக்கால்) பாதிக்குப் பாதி உள்ள நிகோடின் சால்ட் லிக்விட் நீர்த்து ஓடும், அதற்கு வால்களை அவ்வளவு வாரக் கூடாது. லிக்விடை மாற்றினால் பஞ்சையும் மாற்றிப் போடத் தயாராக இருங்கள்.

அடுத்து, நிரப்புவது. பிரிட்டனில் விற்கும் நிகோடின் டேங்க்குக்கு 2 மில்லிலிட்டர்தான் வரம்பு. ஆகவே ஒரு நாளில் பல தடவை மூடியைத் திறப்பீர்கள், திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிடித்து நிறுத்தும் அழுத்தம் போய்விடும். திறக்கும் முன் கீழ்க்காற்று வளையத்தை முழுக்க மூடுங்கள். லிக்விட் அளவைத் திருகி மூடும் வசதி இருந்தால் அதையும். விளிம்பு வரை ஊற்றாமல் கொஞ்சம் காற்று இடம் விடுங்கள். மூடியைத் திருகும்போது அது உள்ளே இருக்கும் காற்றை நெருக்கும், நெருங்கிய காற்று லிக்விடைப் பஞ்சு வழியாகத் தள்ளும். அதனால் மூடியை வாயில் வைத்து இரண்டு மரை பிடித்ததும் டேங்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, அந்த நிலையில் மிச்சத்தைத் திருகுங்கள். கவிழ்த்தால் காற்று பஞ்சுப் பக்கம் வந்துவிடும், வெளியே போவது லிக்விடாக இல்லாமல் காற்றாக இருக்கும். கவிழ்த்தபடியே காற்று வளையத்தைத் திறந்துவிட்டு நிமிர்த்துங்கள். இதை ஒரு வாரம் பழகினாலே பாதித் தொல்லை குறையும்.

இழுக்கும்போது குமிழிகளைப் பாருங்கள். ஒரு இழுப்புக்கு ஓரிரண்டு சிறு குமிழிகள் ஏறி நின்றால் பஞ்சு சரியாக அமைந்திருக்கிறது. நாலைந்து இழுப்புக்கும் குமிழியே வரவில்லை என்றால் வால் இறுக்கம், அடுத்த இழுப்பு கருகும், உடனே நிறுத்துங்கள். கடகடவென்று பெருங்குமிழிகள் வந்து, காயிலில் களகள சத்தம் கேட்டால் வெள்ளம். அப்போது பஞ்சைப் பிரிக்க வேண்டியதில்லை. டேங்க்கை மாடிலிருந்து கழற்றி, வாய்ப்பகுதியை டிஷ்யூவால் மூடி, காற்றுத் துளை வழியாக ஊதுங்கள், தேங்கியது வெளியே வந்துவிடும். காற்றை ரொம்பக் குறுக்கி வைத்துப் பலமாக உறிஞ்சுவதும், 0.8 ஓம் காயிலை 10 வாட்ஸில் ஓட்டுவதும் வெள்ளத்துக்குக் காரணமாகும். வரும் லிக்விட் ஆவியாகும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது.

சூடும் உயரமும் தனி. வெயிலில் நிறுத்திய காரில் வைத்தால் லிக்விட் நீர்க்கும், மேலே இருக்கும் காற்று விரிந்து அதைக் கீழே தள்ளும். எவ்வளவு அருமையாகப் பஞ்சு போட்டாலும் இது நடக்கும். விமானத்திலும் அதேதான்: உள்ளே அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குக்கு இறங்கலாம். பாதி காலியான டேங்க்கில் விரிவதற்குக் காற்று அதிகம் என்பதால் அதுதான் அதிகம் ஒழுகும். முழுக்கக் காலி செய்துவிட்டு, கைப்பையில் எடுத்துப் போங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் மட்டும் இதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவுக்குள் மின்சிகரெட்டைக் கொண்டுவருவதே குற்றம், முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். சிங்கப்பூரிலும் தடை உண்டு. வழியில் அங்கே இறங்கினாலும் கவனம்.

ஒழுகிய ஜூஸைத் துடைக்கும்போது கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நிகோடின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். வீட்டில் குழந்தை இருந்தால் அந்த மேசையையும் பாட்டிலையும் பற்றி நான் ரொம்பவே கவலைப்படுவேன். உயரத்தில், பூட்டி வையுங்கள். சிகரெட்டை விட்டதற்கு மனசார வாழ்த்துகள். புகை பிடிக்காத நண்பர்கள் "கொஞ்சம் கொடு, பார்க்கிறேன்" என்று கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இன்றைக்கு இவ்வளவு செய்யுங்கள்: காயிலைத் தொடாமல் பழைய பஞ்சை எடுத்துவிட்டு, டேங்க்கை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, மேல்மூடி வளையத்தை மாற்றி, புதுப் பஞ்சு போடுங்கள். பத்து நிமிடம் ஊறவிட்டு, இழுக்காமல் டிஷ்யூ மேல் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் டிஷ்யூவில் ஈரம் இருந்தால், எந்த இடத்தில் என்று தெரிகிற மாதிரி ஒரு படமும், டெக்கை மேலிருந்து எடுத்த ஒரு படமும் அனுப்புங்கள். துளையின் எந்த மூலை திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.