நிபுணர் ஆலோசனை: புதிய முறையில் பாடம் நடத்தினால் மாணவர்கள் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்களே?

கேள்வி: கடலூர் அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முதலாண்டுக்கு அடிப்படை மின்னியல் எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர். பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்தவர்கள். சென்ற செமஸ்டரில் குழுவாகப் பேசவைத்து, கேள்வி கேட்டு நடத்திப் பார்த்தேன். கருத்துப் படிவத்தில் என் மதிப்பெண் இறங்கிவிட்டது. “மேடம் பாடமே நடத்துவதில்லை” என்று எழுதியிருக்கிறார்கள். பழையபடி நடத்துங்கள் என்கிறார் துறைத்தலைவர். முதல்வரோ இந்த ஆண்டுக்குள் இரண்டு எஃப்டிபி (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) சான்றிதழ் வேண்டும் என்கிறார். இதற்கிடையே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 7,500 ரூபாய் கட்டினால் ஐஎஸ்ஓ தரச்சான்று பெற்ற ஆசிரியர் என்ற பட்டமும், ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழும் தருவதாகச் சொல்கிறார். கட்டலாமா? நான் முறையை மாற்றியதே தவறா?

பதில்: பணம் கட்டாதீர்கள். முறையை மாற்றியதில் தவறில்லை. மாற்றிய விதத்தில் கொஞ்சம் திருத்தம் தேவை.

முதலில் அந்தக் கருத்துப் படிவம். 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் ஒரு சோதனை செய்தார்கள். பாடமும் கையேடும் ஒன்றுதான். ஒரு பிரிவுக்குத் தேர்ந்த விரிவுரை. மற்றொரு பிரிவில் மாணவர்களே முட்டி மோதிக் கணக்குப் போட்டார்கள். தேர்வு வைத்தபோது முட்டி மோதியவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். ‘எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள்’ என்று கேட்டதற்கோ, அவர்கள்தான் குறைவாகக் கற்றதாகச் சொன்னார்கள். காரணம் எளிது. விரிவுரை வழுக்கிக்கொண்டு போகும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். தானே போடும்போது இடறும். இடறுவதைப் புரியாமை என்று மாணவர் எடுத்துக்கொள்கிறார். உங்கள் படிவத்திலும் இதுவே நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ‘இப்படித்தான் நடத்தப்போகிறேன், முதலில் கடினமாக இருக்கும், காரணம் இது’ என்று செமஸ்டரின் முதல் வகுப்பிலேயே தமிழில் சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொல்வது பலன் தருவதை அதே ஆய்வு காட்டியிருக்கிறது.

துறைத்தலைவரிடம் பேச இன்னொரு சான்று. 2014-இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றார்கள். மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 21.8. தேர்ச்சி விழுக்காட்டுக்காக உங்களைக் கூப்பிட்டுக் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

இனி திருத்தம். ‘குழுவாகப் பேசுங்கள்’ என்று விட்டால் முன்வரிசை நால்வர் பேசுவார்கள், மற்றவர்கள் கல்லூரிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பேசுவார்கள். பேசுவதற்கு ஒரு நல்ல கேள்வி வேண்டும். உங்கள் பாடத்திலேயே சொல்கிறேன்: 230 வோல்ட் மின்சாரத்தில் ஒரு 40 வாட் குண்டு பல்பையும் ஒரு 100 வாட் குண்டு பல்பையும் தொடரிணைப்பில் போட்டால் எது பிரகாசமாக எரியும்? ஓம் விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களில் பலரும் 100 வாட் என்பார்கள். தலா ஒரு தாளை நான்காக மடித்து, விடைத் தெரிவுகளுக்காக ஒவ்வொரு மடிப்பிலும் அ, ஆ, இ, ஈ என்று எழுதச் சொல்லுங்கள். விடையை நெஞ்சோடு ஒட்டி உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி பிடிக்கட்டும். பக்கத்தில் பார்த்து மாற்ற வழியில்லை. சரியான விடை சொன்னவர்கள் 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு நிமிடம் வாதாடவிட்டு, மீண்டும் தாளைத் தூக்கச் சொல்லுங்கள். 30-க்குக் கீழே என்றால் வாதாடிப் பயனில்லை, நீங்களே விளக்குங்கள். 70-க்கு மேல் என்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் பயன்படுத்திய வழி இது. தாளைத் தவிர வேறு செலவு இல்லை.

பிறகு விளக்கை எரித்தே காட்டுங்கள். 40 வாட் பல்பின் மின்தடை ஏறத்தாழ 1,322 ஓம், 100 வாட் பல்புக்கு 529. தொடரிணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். தடை கூடிய இடத்தில்தான் திறன் கூடும். 40 வாட் பளிச்சென்று எரியும், 100 வாட் சிவந்து மங்கிக் கிடக்கும். எல்இடி விளக்கில் இது நடக்காது, குண்டு பல்பாகவே தேடி வாங்குங்கள். இணைப்பை லேப் உதவியாளரிடம் கொடுத்துச் செய்யுங்கள். ஒரு பீரியடுக்கு இப்படி ஒரு கேள்வி, பத்து நிமிடம். பாடத்திட்டம் முடியாது என்ற பயம் வேண்டாம்.

வாதம் தமிழில் நடக்கட்டும், எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும். குறிஞ்சிப்பாடியிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் வருகிற பிள்ளைக்கு மின்தடை தெரியாமல் இல்லை. அதை ஆங்கிலத்தில் எழுந்து நின்று சொல்லத்தான் கூச்சம். கேள்வி கேட்டுவிட்டு நீங்களே உடனே பதில் சொல்லிவிடாமல் குறைந்தது மூன்று வினாடி பொறுங்கள்.

இனி அந்த 7,500 ரூபாய்க்காரர். ஐஎஸ்ஓ என்ற அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதே இல்லை. அது தரநிலைகளை எழுதுகிறது. சான்று தருபவை தனி நிறுவனங்கள். உங்களுக்கு வந்ததுபோன்ற அழைப்புகளில் சொல்லப்படும் ஐஎஸ்ஓ 9001-ம் ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைக்கானது, ஓர் ஆசிரியரின் பாடம் நடத்தும் திறமைக்கானது அல்ல. அந்த நபர் தன் அலுவலகத்துக்கு வாங்கிய காகிதத்தின் முத்திரையை உங்கள் சான்றிதழில் அச்சடித்துத் தருவார். அடுத்த மாதம் அதே எண்ணிலிருந்து ‘சிறந்த ஆசிரியர் விருது’ வரும். கேடயத்துக்கும் சால்வைக்கும் தனிக் கட்டணம். அதற்கடுத்த மாதம் நீங்கள் எழுதாத ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயரை மூன்றாவதாகச் சேர்க்கலாம் என்பார்கள். கூகுள் படிவத்தில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் ஐந்து நாள் பயிற்சி முடித்ததாக மின்னஞ்சலில் சான்றிதழ் வருவதும் உண்டு. வேலை வாங்கித் தருகிறேன் என்று அசல் சான்றிதழ்களைக் கேட்கும் தரகரும் இதே கூட்டம்தான். அசலை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள், அது கல்லூரியாகவே இருந்தாலும்.

ஒரே வரி விதி: பணத்துக்குச் சான்றிதழ் தந்தால் விலகுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை எல்லோரும் குழப்பிக்கொள்வதால் விரித்துச் சொல்கிறேன். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லில் பாடம் இலவசம். தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். ‘இதுவும் பணம்தானே’ என்று கேட்பீர்கள். அந்தப் பணம் தேர்வு எழுதுவதற்கு. நேரில் மையத்துக்குப் போய் உட்கார வேண்டும், தோற்றால் சான்றிதழ் கிடையாது. மதிப்பெண் கணக்கைக் கவனியுங்கள். வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75. பயிற்சியில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30, இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். பயிற்சியில் முழு 25 வாங்கி, தேர்வில் 29 வாங்கினால் கூட்டினால் 54; சான்றிதழ் இல்லை. பத்தும் முப்பதும் வாங்கியவருக்கு மொத்தம் 40தான், சான்றிதழ் உண்டு. 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டுப் பயிற்சிகளைத்தான் எடுப்பார்கள், ஆகவே ஓரிரு வாரம் தவறினால் கலங்க வேண்டாம். டெலிகிராமில் விடை விற்கிறவர்களிடம் வாங்கி 25-ஐ நிரப்பலாம். 75-ஐ அவர்கள் எழுதித் தர மாட்டார்கள்.

பொறியியல் கற்பித்தலுக்கென்றே பெங்களூரு கழகத்தின் பேராசிரியர் என். ஜே. ராவ் நடத்திய பாடங்கள் என்பிடெல்லில் இருக்கின்றன. என்பிடெல் சான்றிதழை ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) எஃப்டிபியாக ஏற்கிறது. முதல்வர் கேட்ட இரண்டில் ஒன்று இதில் முடியும். மற்றதற்கு ஏஐசிடிஇயின் அடல் பயிற்சிகள், கட்டணம் இல்லை. சென்னை தரமணியில் 1964 முதல் இயங்கும் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தையும், காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் மாளவியா பயிற்சி மையத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கென்று ஏஐசிடிஇ எட்டுப் பாடத் தொகுதிகள் வைத்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் அதைப் பற்றி யாராவது சொன்னார்களா என்பது வேறு கேள்வி.

சொல்லியிருக்க மாட்டார்கள். பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானது. மாணவர் எதைச் செய்யக் கற்றார் என்று அளக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நம் கல்லூரிகளில் அது தடித்த கோப்பாக முடிந்தது. செமஸ்டர் முடிந்தபின் இரவு உட்கார்ந்து எக்ஸெல் கட்டங்களில் மாணவர் கற்ற அளவை 2.4, 2.6 என்று நிரப்புகிறோம். ஏப்ரல் வந்தால் பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் வீடுகளுக்கு அட்மிஷன் கேட்டு ஆசிரியர்களை அனுப்புகிறார்கள். ஒரே ஆசிரியரின் பெயரைப் பல கல்லூரிகள் கணக்குக் காட்டிய விவகாரம் 2024-இல் வெளியே வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் நன்றாக நடத்த விரும்பும் ஒருவரிடம் சான்றிதழைத்தான் கேட்பார்கள், வேறென்ன கேட்பார்கள்?

துறைத்தலைவரிடம் வாதாட வேண்டாம். ஒரே ஒரு யூனிட்டை மட்டும் இந்த முறையில் நடத்த அனுமதி கேளுங்கள். வகுப்பு முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ‘இன்று எது புரியவில்லை’ என்று சிறு சீட்டில், பெயரில்லாமல் எழுதி வாங்குங்கள். அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்குங்கள். அகமதிப்பீட்டுத் தேர்வில் அந்த யூனிட் கேள்வியின் மதிப்பெண்களை மற்ற யூனிட்டுகளோடும், சென்ற ஆண்டு விடைத்தாள்களோடும் ஒப்பிட்டு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சீட்டுகளை எறிந்துவிடாமல் கோர்ஸ் ஃபைலில் குத்தி வையுங்கள். படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்பிஏ குழு வரும்போது எக்ஸெல் கட்டங்களுக்குப் பக்கத்தில் காட்ட ஏதாவது ஒன்று இருக்கும்.