ஞோக்கி கரைவது கிழங்கின் ஈரத்தால்தான்
கொதிநீரில் போட்டதும் ஞோக்கி (மசித்த உருளைக்கிழங்கில் மைதா சேர்த்துச் செய்யும் இத்தாலியச் சிறு உருண்டை) கரைகிறது, மாவு கூட்டினால் ரப்பராகிறது என்று எழுதியிருந்தீர்கள். குற்றம் கிழங்கின் ஈரத்தில் இருக்கிறது. தோலோடு முழுதாக வேகவையுங்கள். வெட்டிப் போட்டால் தண்ணீரைக் குடித்துவிடும். சூட்டோடு உரித்து மசித்து, தட்டில் பரப்பி ஆவி அடங்கும்வரை விடுங்கள். தயவுசெய்து இங்கே அவசரப்படாதீர்கள், எல்லாம் இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. பிறகு ஒரு கிலோ கிழங்குக்கு 250 கிராம் மைதா, ஒரு முட்டை மஞ்சள் கரு. அழுத்திப் பிசையவே கூடாது. மாவு ஒன்றுசேர்ந்தால் போதும். முதலில் ஒன்றே ஒன்றைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். உடையாமல் மிதந்தால் மற்றவற்றை வெட்டலாம். கரைந்தால் இன்னும் ஒரு கைப்பிடி மைதா.

29ஆம் தேதிக்குத்தானே செய்கிறீர்கள்? மாதந்தோறும் 29ஆம் தேதி ஞோக்கி சாப்பிடும் அர்ஜென்டினா வீடுகளின் வழக்கப்படி தட்டுக்கு அடியில் ஒரு பண நோட்டு வைக்க மறந்துவிடாதீர்கள்.