பழ ஈக்கு எது பிடிக்கும் என்பதை மரபணுவா முடிவு செய்கிறது?

கேள்வி: பழ ஈக்களுக்கு ருசி தெரியுமா? பிடித்தது, பிடிக்காதது எல்லாம் மரபணுவில் இருக்கிறதா?

ருசி நன்றாகவே தெரியும். காலிலேயே தெரியும்.

சுங்கை சிப்புட்டில் அம்மா பிசாங் கோரெங் கடை போட்டிருக்கிறார். வாழைத்தோல் வாளியைச் சுற்றி எந்நேரமும் குட்டி ஈக்கள். "விரட்டாம என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்பார். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அவற்றின் கால்மேல்தான் கண். பசித்த பழ ஈயின் முன்னங்காலில் சர்க்கரைத் தண்ணீர் பட்டாலே, மடங்கிக் கிடக்கும் உறிஞ்சுவாய் நீண்டுவிடும். காலிலும் வாயிலும் இறக்கை ஓரத்திலும் ருசி அறியும் நுண்மயிர்கள் இருக்கின்றன.

அந்த மயிர்களின் நரம்பு செல்களில் ருசி ஏற்பிகள், அதாவது ருசிப்பொருளை உணரும் புரதங்கள், உண்டு. அவற்றுக்கான 'ஜிஆர்' குடும்பத்தில் 60 மரபணுக்கள். ஜிஆர்5ஏ, ஜிஆர்64எஃப் போன்றவை இனிப்புக்கு, ஜிஆர்66ஏ கசப்புக்கு. ஜிஆர்93ஏ பழுதான ஈ, மற்ற ஈக்கள் ஒதுக்கும் காஃபீனை ஒதுக்காது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2006இல் கலிபோர்னியாவில் கிறிஸ்டின் ஸ்காட்டின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. மிளகாயின் காரப்பொருளைப் பழ ஈ சாதாரணமாகக் கண்டுகொள்வதே இல்லை. பாலூட்டிகளுக்குக் காரத்தை உணர்த்தும் ஏற்பியை ஈயின் இனிப்பு செல்களில் வைத்தார்கள். ஈ காரத்தைத் தேடிப் போனது. அதே ஏற்பியைக் கசப்பு செல்களில் வைத்தபோது விலகி ஓடியது. சிலி பாடி மிளகாயைக் கடித்துக் கண்ணீர் விடும் நம் வேதனையும் அந்த வகை ஏற்பியிலிருந்துதான் வருகிறது! அப்படியானால் விருப்பும் வெறுப்பும் ஏற்பியில் இல்லை, அது எந்த செல்லில் உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. என் படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே புல்லரிக்கும்.

மரபணுவை இழந்தும் ஒரு விருப்பம் வளரலாம். நம் வீட்டுப் புறங்களில் நாறிக்கொண்டு விழுந்து கிடக்குமே மெங்குடு (நோனி), அதன் பழுத்த பழத்திலுள்ள ஆக்டனாயிக் அமிலம் பெரும்பாலான பழ ஈ இனங்களுக்கு நஞ்சு. செய்செல்ஸ் தீவுகளில் வாழும் செச்செல்லியா என்ற இனத்துக்கோ அதுதான் சாப்பாடும் முட்டையிடும் இடமும். நஞ்சைத் தாங்கும் உடல் அதற்கு இருக்கிறது, மெங்குடு வாசனையை நாடும் மூக்கும் மாறியிருக்கிறது. கூடவே, உறவினங்களிடம் உள்ள கசப்பு ஏற்பி மரபணுக்கள் பல இதில் செயலிழந்துவிட்டன.

ஆனாலும் மரபணு மட்டும் என்று சொல்லிவிட முடியாது. பட்டினி கிடந்த ஈக்கு இனிப்பு உணர்வு கூடும், கசப்பு உணர்வு மங்கும். வயிறு நிறைந்திருந்தபோது ஒதுக்கியதை, பசித்தபின் அதே ஈ சாப்பிடும்.