தாத்தாவின் பெட்டியில் பதினைந்து தேய்ந்த செம்புக்காசுகள் கிடைத்தன. எழுத்தே தெரியவில்லை. எப்படிச் சுத்தம் செய்வது, எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்விக்குக் கீழே விளக்கத்தில் "வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இன்னும் ஊறவைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஊறவைத்துவிட்டீர்கள் என்றால் முதலில் போய் எடுத்து நல்ல தண்ணீரில் போட்டுவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நாணயவியல் படித்தவன் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். இருபது வருடத்துக்கு மேலாகக் காசு சேர்க்கிறேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு காசை எப்படிக் கெடுப்பது என்று கேட்டால் என்னைவிடத் தெளிவாகச் சொல்ல ஆள் கிடையாது.

அம்மாச்சி ஊர் வேதாரண்யம் பக்கம். 1994இல் நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாச்சியின் வெற்றிலைச் செல்லத்தில் பாக்குவெட்டிக்கு அடியில் கறுத்துப்போன ஒரு காசு கிடந்தது. "உங்க தாத்தா உப்பளத்து மேட்டுல எடுத்தாரு. எனக்கு எதுக்கு, நீ வச்சுக்க" என்று கொடுத்துவிட்டார். அந்த வருடம்தான் பள்ளியில் டிராயிங் வாத்தியார் இலையைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். அதையே காசுக்கும் செய்தேன். ரஃப் நோட்டில் இரண்டு வட்டம் விழுந்தது. ஒன்றில் ஈர்க்குச்சியில் செய்த பொம்மை மாதிரி நிற்கிற ஆள். இன்னொன்றில் உட்கார்ந்திருக்கிற ஆள், அவர் கைக்குக் கீழே ஏதோ எழுத்து. வரலாற்று வாத்தியார் பார்த்துவிட்டு "ராஜராஜ சோழன் காசுடா" என்றார். ஒரு வாரம் என் கால் தரையில் படவில்லை.

அடுத்த வாரம் கார்த்திகை. கிணற்றடியில் விளக்கெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். குத்துவிளக்கு தங்கம் மாதிரி மின்னியது. ராஜராஜனும் மின்னட்டுமே என்று காசைப் புளியில் ஊறப்போட்டு, சாம்பல் தொட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. தோலுரித்த மாதிரி இளஞ்சிவப்பாக ஒரு வில்லை கையில் இருந்தது. நிற்கிற ஆளின் கால் மட்டும் நிழலாகத் தெரிந்தது. எழுத்து இருந்த பக்கம் சட்டைப் பொத்தான் மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டது.

நாணயக் கண்காட்சிகளில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் "அம்மா தெரியாமல் தேய்த்துவிட்டார்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். தேய்த்தது நான். அம்மா இந்தத் தளம் பக்கம் வருவதில்லை, இருந்தாலும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ராஜராஜன் செம்புக்காசு அரிதானதே அல்ல, எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் தட்டு நிறையக் கிடக்கும். 2009இல் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த ரஃப் நோட்டு வெளியே வந்தது. அதற்குள் நூறு ராஜராஜன் காசாவது பார்த்திருப்பேன். ராஜராஜன் காசில் பெயர் நாகரி எழுத்தில்தான் இருக்கும்; பிராத்மிக் என்கிற இந்திப் பரீட்சைக்குப் படித்த நாகரியும் மிச்சமிருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். "ஸ்ரீ" சரி. "ராஜ" சரி. அதற்குப் பிறகு மறுபடியும் "ராஜ" வர வேண்டும், வரவில்லை. வலது பக்கம் ஒரு கோடு இறங்கி, தலைக்கு மேலே வளைந்து மூடிய எழுத்து. நாகரியில் நெடில் ஈகாரம் அப்படித்தான் இருக்கும். லீ. அதன் கீழே லா.

ஸ்ரீ ராஜ லீலாவதி. இலங்கையில் பொலன்னறுவையை ஆண்ட அரசி. முதலாம் பராக்கிரமபாகுவின் மனைவி. 1197க்கும் 1212க்கும் நடுவில் மூன்று முறை அரியணை ஏறி, மூன்று முறையும் இறக்கப்பட்டவர். கடைசி முறை இறக்கியது இங்கிருந்து போன ஒரு பாண்டியன். ராஜராஜன் இலங்கையைப் பிடித்த பிறகு அங்கே புழங்கிய இந்த நிற்கிற ஆள், உட்கார்ந்த ஆள் காசையே பிறகு வந்த சிங்கள அரசர்களும் இருநூறு வருடத்துக்கு மேல் அடித்தார்கள். விஜயபாகு, பராக்கிரமபாகு, சாகசமல்லன், லீலாவதி, எல்லோருக்கும் அதே பொம்மைதான். எடையும் ஏறக்குறைய ஒன்று, நாலு கிராமை ஒட்டி. ஆளை மாற்றிச் சொல்வது அந்த நாலைந்து எழுத்து மட்டும்தான். நான் நாரால் தேய்த்து எடுத்ததும் அதைத்தான்.

லீலாவதி காசு ஒன்றும் லட்சக்கணக்கில் போகிற சரக்கு இல்லை, விலைக்காக அழவில்லை. ஆனால் என்னிடம் இருப்பது ஒரு மொட்டை வில்லையும் ஒரு பென்சில் கிறுக்கலும். "நோட்டைக் காட்டிக் காசு என்கிறீர்களே சார்" என்று ஒருவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், பல நூறு வருடம் மண்ணில் கிடந்த செம்பின் மேல்தோல் உலோகமாக இருப்பதில்லை. செம்பு ஆக்ஸைடாகவும் பச்சைக் களிம்பாகவும் மாறிவிடுகிறது. ஆனால் எழுத்தின் மேடு பள்ளம் அந்தத் தோலில் அப்படியே தங்கியிருக்கும். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். தோலைக் கரைக்கும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடும். அதற்கு அடியில் கடித்துக் குதறிய செம்புதான் மிச்சம். அதனால்தான் முதலில் அடையாளம், அப்புறம்தான் சுத்தம்.

நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். எடை, விட்டம், கனம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இருட்டறையில் காசைக் கிடத்தி, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்தி அடித்து, காசைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். மேலிருந்து அடித்தால் மொட்டையாகத் தெரிகிற காசில்கூட, சாய்வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போல மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் லேசாக ஓர் அச்சும் எடுத்து வையுங்கள். களிம்பு மாவாக உதிர்கிற காசில் மட்டும் வேண்டாம்.

நாலு கிராம் வட்டம், குச்சி பொம்மை என்றால் மேலே சொன்ன குடும்பம். இரண்டு கயல் மீனும் நடுவில் செண்டு என்கிற கோலும் இருந்தால் பிற்காலப் பாண்டியர். தமிழில் "சோணாடு கொண்டான்", "எல்லாந்தலையானான்" என்றெல்லாம் எழுதியிருக்கும், அரைகுறையாகத் தெரிந்தாலும் ஊகித்துவிடலாம். ஒன்றிரண்டு கிராமில் பக்கவாட்டில் பார்க்கும் தலை இருந்தால், மதுரை, கரூர்ப் பக்கங்களில் கிடைக்கிற பிற்கால ரோமானியச் செம்பாக இருக்கலாம். ஆங்கில எழுத்து வி, ஓ, சி மூன்றும் பின்னிக்கொண்டிருந்தால் டச்சுக் கம்பெனி. ஒரு பக்கம் பாரசீக எழுத்தும் மறுபக்கம் 1808ம் இருந்தால் நம்ம கும்பினிக் காசு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தது. தாத்தா பெட்டி என்றால் பெரும்பாலும் கடைசி இரண்டும்தான் இருக்கும். ஏமாற வேண்டாம், அதுவும் இருநூறு வருடம்.

சதுரமாக, ஒழுங்கில்லாமல், யானையோ குதிரையோ தெரிந்தால் மட்டும் கை வைக்காமல் நிறுத்திவிடுங்கள். சங்ககாலமாக இருக்கக்கூடும். "பெருவழுதி" என்று தமிழ்பிராமி என்கிற பழைய எழுத்தில் எழுதிய பாண்டியர் காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் கண்டறிந்து வெளியிட்ட பிறகுதான் பலருக்கும் சங்க அரசர்கள் பெயர் போட்டுக் காசு அடித்தார்கள் என்று நம்பிக்கை வந்தது. குதிரைக்கு மேலே இருக்கிற அத்தனை சின்ன எழுத்து அது. அந்தக் காசை விற்றவர் பளபளப்பாக இருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்று நினைத்துத் தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சுத்தம் என்று பார்த்தால் வேலை ரொம்பக் கொஞ்சம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கேன் வாங்குங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் காசுகளை ஒன்றோடொன்று படாமல் போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு மாதம் ஆகட்டும், அவசரம் என்ன? இளகிய மண்ணைக் குழந்தைகளுக்கான மெல்லிய பல்துலக்கியால் துடையுங்கள். எழுத்தின் இடுக்கில் இருப்பதை லென்ஸுக்கு அடியில் வைத்துக் கருவேல முள்ளாலோ மூங்கில் குச்சியாலோ தட்டி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின், பிளேடு கிட்டேயே வரக் கூடாது. மண்தான் போக வேண்டும், நிறம் போகக் கூடாது. ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அதிலும் கொஞ்சம் அமிலம் இருக்கிறது, நான் செய்வதில்லை. செய்கிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் காசு உங்கள் இஷ்டம்.

ஏன் குழாய்த் தண்ணீர் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் இருக்கும் குடியிருப்பில் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரில் கழுவிய ஆறு காசில் அடுத்த மழைக்காலத்துக்குள் வெளிர்பச்சை மாவு பூத்துவிட்டது. வெண்கல நோய் என்பார்கள். உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரம் பட்டால் அமிலமாகி, மேலும் செம்பைத் தின்னும். தின்னத் தின்ன மறுபடியும் அதே. கெட்டியான கரும்பச்சைக் களிம்பு காசுக்குக் கவசம், நகத்தால் சுரண்டினால் உதிர்கிற வெளிர்பச்சைதான் நோய். உங்கள் பதினைந்தில் அப்படி ஏதாவது இருந்தால் தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். பிவிசி ஆல்பத்தில் எதையுமே வைக்காதீர்கள், அதுவும் நாளடைவில் அமிலம் கக்கும்.

"அருங்காட்சியகத்தில் மின்னாற்பகுப்பில், அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்திச் சுத்தம் செய்கிறார்களே" என்று யாராவது கருத்துப் பெட்டியில் கேட்பார்கள். செய்கிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலேயே பரமசிவன் என்ற வேதியியலாளர் செப்புத் திருமேனிகளுக்கு அந்த முறையில் சிகிச்சை செய்தார். அவரிடம் ஆய்வுக்கூடம் இருந்தது. நம்மிடம் இருப்பது பழைய செல்போன் சார்ஜரும் உப்புத் தண்ணீரும்.

இன்னொன்று. பெட்டியில் இருந்தது வேறு, நிலத்தில் தோண்டும்போது கிடைத்தது வேறு. புதையல் என்றால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய காசை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. துபாயில் இருக்கிற மச்சானிடம் கொடுத்துவிட்டு விலை கேட்கலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

இப்போதைக்கு அந்தப் பதினைந்தையும் எடை போட்டு, நாலு கிராமுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தனியாக வையுங்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்து, இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கீழே போடுங்கள். உட்கார்ந்திருக்கிற ஆளின் கைக்குக் கீழே இருக்கிற எழுத்து நன்றாக விழும்படி எடுங்கள். கழுவ வேண்டாம்.