சி.டி.ஐ. பெட்டிக்குக் காசு அனுப்புவதற்கு முன் எர்த் வயரைப் பாருங்கள்

கேள்வி: கந்தப்பளையில் மரக்கறி செய்கிறேன். உர மூட்டையும் லீக்ஸ் கட்டும் இழுக்க ஒரு பழைய ஹொண்டா டி.ஆர்.எக்ஸ். 300 நாலு சக்கர பைக் இருக்கிறது. இரண்டு மாதமாக மூன்று நாளைக்கு ஒருமுறை பெட்டரி இறங்கிவிடுகிறது, ஹெட்லைட்டும் மங்கல். இப்போது ஸ்டார்ட் சுவிட்சை அழுத்தினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். சி.டி.ஐ. பெட்டி போய்விட்டது என்கிறார் வண்டி திருத்துகிற பாஸ். கொழும்பில் ஒருவரிடம் ஒரிஜினல் இருக்கிறதாம். முற்பணம் 30,000 ரூபா கேட்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சி.டி.ஐ. மேல் பழி போட ஒரு காரணமும் இல்லை.

சி.டி.ஐ. என்பது பிளக்கில் பொறி விழ வைக்கும் பெட்டி. அது செத்தால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், என்ஜின்தான் பிடிக்காது. உங்கள் வண்டியில் ஸ்டார்ட்டரே சுற்றவில்லை, அதற்கு முன்பே லைட்டும் மங்கியிருக்கிறது. அப்படியானால் பெட்டரிக்குச் சார்ஜ் வரவில்லை, அல்லது வந்த சார்ஜ் வழியில் எங்கோ தொலைகிறது. இதற்குச் சி.டி.ஐ. மாற்றுவது பல்வலிக்குக் கண்ணாடி போடுவது மாதிரி. முப்பது வருடமாகப் பார்க்கிறேன், தரகரிடம் எந்தச் சாமான் கையில் இருக்கிறதோ அதுதான் வண்டியில் பழுதாகிறது.

முதலில் ஸ்பேனரும் மண்ணெண்ணெய்த் துணியும் எடுங்கள். பெட்டரியின் மைனஸ் வயர், அதாவது எர்த் வயர், என்ஜினில் அல்லது சேசியில் முடுக்கியிருக்கும் இடத்தைக் கழற்றி, வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டி, இறுக்கி முடுக்குங்கள். நம் பக்கத்து மூடுபனியும், உரத்தின் உப்பும், வண்டியைப் பைப் தண்ணீரில் கழுவுகிற பழக்கமும் சேர்ந்து அந்த இடத்தில் பச்சை பூக்க வைத்துவிடும். என்னிடம் வருகிற பழைய பைக்குகளில் பல இந்த ஒரு வேலையோடு திரும்பிப் போயிருக்கின்றன. ஒன்றை மறக்காதீர்கள்: ஹொண்டாவில் எர்த் வயர் பச்சை. கறுப்பு வயர் சாவி போட்டதும் கரண்ட் வருகிற வயர். வேறு கம்பனி வண்டியில் பழகிய பாஸ், கறுப்பை எர்த் என்று நினைத்து வண்டியின் பொடியில் (இரும்பு உடலில்) முடுக்கிவிடுவார். பியூஸ் பொசுக்கென்று போகும்.

அப்புறம் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சின்னது போதும். காலையில், வண்டி ஓடாமல் இருக்கும்போது பெட்டரியில் வைத்துப் பாருங்கள். நிறைந்த பெட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே என்றால் வற்றிவிட்டது, வெளியில் கொடுத்துச் சார்ஜ் போடுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், தைக் குளிரில் அரைப் பெட்டரி ஸ்டார்ட்டரைச் சுற்றாது. பிறகு என்ஜினை ஓடவிட்டு, அக்சிலேட்டரைக் கொஞ்சம் முடுக்கிப் பாருங்கள். 13.5க்கும் 14.5க்கும் நடுவில் நின்றால் சார்ஜ் சரி, பெட்டரிதான் கிழடு. 12லேயே கிடந்தால் சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டினால், சார்ஜை மட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது, பெட்டரி கொதிக்கும்.

வண்டி ஓடும்போது பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு 'பாருங்க, ஓடுது, சார்ஜ் வருது' என்று காட்டும் பாஸ்மார் இருக்கிறார்கள். கையைப் பிடித்துத் தடுங்கள். அந்த நொடியில் வோல்ட் எகிறி, நன்றாக இருந்த ரெகுலேட்டரும் சி.டி.ஐ.யும் சேர்ந்து போகும். அதன்பிறகு அவர் சொன்னது உண்மையாகிவிடும்!

சார்ஜ் இல்லையென்றால், என்ஜினுக்குள்ளிருந்து வருகிற மூன்று மஞ்சள் வயரின் இணைப்புப் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் கருகியிருந்தால் அதுவே நோய். இல்லையென்றால் என்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏ.சி.யில் வைத்து இரண்டிரண்டு வயராக அளவுங்கள். மூன்று சோடியும் ஒரே அளவு காட்டி, முடுக்க முடுக்க ஏறினால் உள்ளே இருந்து கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டர் கொயில் நல்லது, ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். ஒரு சோடி படுத்துவிட்டால், அல்லது என்ஜினை நிறுத்திய பின் மஞ்சள் வயருக்கும் பொடிக்கும் தொடர்பு காட்டினால், கொயில் எரிந்திருக்கிறது.

எரிந்த கொயிலைச் சுற்றலாம். தண்ணீர் மோட்டார் சுற்றுகிற கடைகளிலேயே செய்வார்கள். அதே தடிப்புக் கம்பி, அதே எண்ணிக்கைச் சுற்று, அதே திசை. பழைய கொயிலைப் பிரிக்கும்போதே எண்ணச் சொல்லுங்கள், 'அனுபவத்தில் தெரியும்' என்றால் கொயிலைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சூடான என்ஜின் எண்ணெயைத் தாங்கும் வார்னிஷ் வேண்டும். மோட்டாருக்குப் பூசுவதையே பூசினால் சில மாதத்தில் கரைந்து இறங்கும்.

ரெகுலேட்டரும் சி.டி.ஐ.யும் பிசின் ஊற்றி அடைத்தவை. 'ரிப்பேர் பண்ணித் தாறேன்' என்பவரை நம்பாதீர்கள். சி.டி.ஐ.க்கு வேறு வண்டிப் பெட்டி பொருந்தாது. ஆனால் ரெகுலேட்டர் அப்படியல்ல, இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காந்தச் சக்கரமும் மூன்று மஞ்சள் வயரும் உள்ள எந்த 12 வோல்ட் மோட்டார் சைக்கிளின் ரெகுலேட்டரும் ஏறக்குறைய உங்களுக்கு உதவும். மூன்று மஞ்சளை எந்த வரிசையில் கொடுத்தாலும் சரி. சிவப்பு பெட்டரி பிளஸுக்கு, பச்சை எர்த்துக்கு. சில ரெகுலேட்டரில் கூடுதலாக ஒரு கறுப்பு வயர் இருக்கும், பெட்டரி வோல்ட்டை 'பார்க்கிற' வயர் அது. நீங்கள் வாங்கியதில் அது இல்லையென்றால், வண்டிப் பக்கம் சும்மா நிற்கும் கறுப்பு வயரின் நுனியை டேப் சுற்றி மூடிவிடுங்கள். இருந்தால், துருப்பிடித்த சாவி வழியாகக் கொடுக்க வேண்டாம். வோல்ட் குறைவு என்று ஏமாந்து பெட்டரிக்கு அள்ளிக் கொட்டும். ரெகுலேட்டரைக் காற்றுப் படும் இடத்தில், இரும்பைத் தொட்டபடி முடுக்குங்கள். சீட்டுக்கு அடியில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதையும் பார்த்திருக்கிறேன், இரண்டு வாரம்தான் நின்றது. ஒற்றைக் கொயில் வண்டியின் ரெகுலேட்டர் இதற்கு ஆகவே ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரிஜினல்தான் வேண்டுமென்றால் எண்ணைப் பிடியுங்கள். ஹொண்டா சாமான் எண்ணில் முதல் ஐந்து இலக்கம் சாமானைச் சொல்லும்: 31600 ரெகுலேட்டர், 31120 ஸ்டேட்டர், 30500 இக்னிஷன் கொயில். அடுத்த மூன்று எழுத்து-எண் எந்த மாடல் வண்டி என்று சொல்லும். இந்த 300 வண்டி 1988 முதல் 2000 வரை வந்தது, வருடத்துக்கு வருடம் சாமான் மாறியிருக்கலாம். அதனால் சேசி நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். 'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்பவர் உங்கள் காசுக்குப் பொருத்தம் பார்க்கிறார். கொழும்பில் பஞ்சிகாவத்தை சாமான் கடைகளுக்குப் போனால் பழைய சாமானைக் கையில் கொண்டுபோங்கள், பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து 'மாதிரிக்கு' அனுப்பாதீர்கள். திரும்பி வராது. வந்தால், உங்கள் நல்ல பெட்டி இருந்த இடத்தில் வேறு ஒன்று இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம்தான்.   2024 முதல் வற் வரியும் 18 சதவீதம். கையளவு ரெகுலேட்டர் ஒன்றை எடுக்க நான் கொழும்பில் ஒரு கவுண்டரில் அரை நாள் நின்றேன். 'இது என்ன சாமான்' என்று மூன்று பேர் கேட்டார்கள், மூன்று பேருக்கும் படம் வரைந்து காட்டினேன். பஸ் காசையும் போன நாளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஓடர் பண்ணுங்கள்.

முற்பணம் கேட்டவரிடம் பெட்டியின் அடியில் உள்ள எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த எண் வருவதற்குள் நீங்கள் எர்த் வயரைச் சுரண்டி முடித்துவிடலாம்.