கிண்ணப் போட்டி வாரம்: பஸ்ஸர்பீட்டர் (இணையத்தில் கூடைப்பந்து அணியொன்றை நிர்வகிக்கும் விளையாட்டு) கேள்வி-பதில்

கே: எங்கட டீமில அஞ்சு பேர் கெட்டிக்காரர். லீக்கில வெல்லுறம். கிண்ணப் போட்டி வந்தா அவங்களே சொதப்புறாங்க, ஏன் அண்ணா? (வெள்ளவத்தை)

ப: தம்பி, அந்த ஐவரும் வாரத்தில் மூன்று ஆட்டமும் 40 நிமிடப்படி ஆடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 120. பிறகு கேம் ஷேப் (வீரரின் ஆட்டத் தகுதிநிலை) விழாமல் என்ன செய்யும்? வாரத்துக்கு 60 முதல் 70 நிமிடம் ஆடுபவருக்குத்தான் அது நல்லபடி நிற்கும்; கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும்.

சுகததாச உள்ளக அரங்கில் பார்க்கிற 40 நிமிட ஆட்டமல்ல இது; என்.பி.ஏ. போல 48. களத்தில் ஐவர் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 240, மூன்றுக்கு 720. ஆளுக்கு 65 என்று பிரித்தால் 11 பேர் வேண்டும். உங்களிடம் எட்டுப் பேர்தான்! மலிவாக மூவரை வாங்குங்கள். கிண்ண ஆட்டத்தில் 40 நிமிடம் தேவைப்படுபவருக்கு மிச்சம் 25ஐ ஒரு லீக் ஆட்டத்தில் கொடுத்து, மற்ற லீக் ஆட்டத்தில் இருத்திவிடுங்கள். இருத்துவதென்றால் பெயரையே போடக்கூடாது. ஓர் இடத்துக்கு மூன்றாம் ஆளாகப் போட்டாலும், முன்னால் இருப்பவருக்கு ஃபவுல் கூடினால் இறக்கிவிடுவார்கள்.

கே: அப்ப பயிற்சி பாழாகாதா? (அதே தம்பி)

ப: பயிற்சி பெறும் இளசுகளுக்குப் பயிற்சிக்குரிய ஆட்ட இடத்தில் 48 நிமிடம் கிடைத்தால் முழுப் பயன் உண்டு. நட்சத்திரங்களை இருத்திவிடுகிற லீக் ஆட்டத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

கே: ஒவ்வொரு மெட்ச்சுக்கும் க்ரஞ்ச் டைம் போடுறன். பிழையா? (கொட்டாஞ்சேனை)

ப: பிழைதான் தங்கச்சி. க்ரஞ்ச் டைம் (முழு மூச்சாக ஆடும் முறை) அணியின் உற்சாகத்தைக் கரைக்கும், டேக் இட் ஈஸி (ஆறுதலாக ஆடும் முறை) அதைச் சேர்க்கும். முதல் சுற்றுகளில் சின்ன அணி வந்தால் ஈஸி போட்டுச் சேமியுங்கள். சேர்த்ததை அரையிறுதியில் செலவழிக்கலாம். சிநேகபூர்வ ஆட்டத்தில் எது போட்டாலும் உற்சாகம் அசையாது.

கே: 2-3 ஸோனா, மேன் டு மேனா? (தெமட்டகொட)

ப: ஸோன் என்றால் ஆளுக்கொரு பகுதியைக் காப்பது, மேன் டு மேன் என்றால் ஆளுக்கு ஆள் காப்பது. எதிரணியின் கடைசி சில ஆட்டங்களைத் திறந்து பாருங்கள். லுக் இன்சைட்டோ லோ போஸ்ட்டோ (கூடைக்கருகே தாக்கும் முறைகள்) திரும்பத் திரும்ப வந்தால் 2-3 (முன்னே இருவர், கூடைக்கருகே மூவர்); உள்ளே காவலும் ரீபவுண்டும் கூடும். மோஷன், ரன் அண்ட் கன் (தூர நின்று எறியும் முறைகள்) ஆட்களிடம் அதைப் போட்டால் வெளியிலிருந்து மூன்று மூன்று புள்ளியாக எறிந்து தள்ளுவார்கள், அவர்களுக்கு 3-2. புரியாத அணியோடு மேன் டு மேன் போதும்.

கே: கையில் உள்ள காசு முழுவதையும் கொட்டி ஒரு பெரிய சென்டர் (கூடைக்கருகே ஆடுபவர்) வாங்கவா? (மட்டக்குளி)

ப: வேண்டாம். வாராவாரம் சம்பளம் யார் கொடுப்பது? பாஸ் கொடுக்கத் தெரிந்த கார்ட் (வெளியிலிருந்து பந்தை நடத்துபவர்) இல்லாமல் அவர் கைக்குப் பந்து வரவும் மாட்டாது.

கே: மெட்ச் நேரம் ஒபிஸில் இருப்பேன், பிரச்சினையா? (பம்பலப்பிட்டி)

ப: இல்லை. காலையில் பஸ்ஸிலேயே வரிசையைப் போட்டுவிடுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால், போனைப் பார்த்துக் கத்துவதைத் தவிர யாராலும் ஒன்றும் செய்ய ஏலாது.