சிறு குழந்தைகள் பொருள்களைக் கையாண்டு தாமாகவே கற்கும் மாண்டிசோரி கல்விமுறையின் ஆசிரியர் பயிற்சியில் சொல்லும் 'பிழைக் கட்டுப்பாடு' என்றால் என்ன?

குழந்தையின் தவறை ஆசிரியர் சொல்லாமல், கையிலிருக்கும் பொருளே காட்டிக்கொடுப்பதுதான் அது.

உருளைக் கட்டையைப் பாருங்கள். ஒரு மரக்கட்டையில் வெவ்வேறு அளவில் 10 குழிகள், அவற்றுக்குப் பொருந்தும் 10 மர உருளைகள். ஒல்லியானதைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் கடைசியில் ஒன்று உட்காராமல் நிற்கும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் கீழே ஒன்று மிச்சமாகுமே, அதே கதை.

ஏன் இப்படி? நாம் "தப்பு" என்றதுமே குழந்தையின் கண் பொருளை விட்டு நம் முகத்துக்கு வந்துவிடுகிறது. அப்புறம் நாம் தலையாட்டினால்தான் அடுத்த உருளையைத் தொடும்.

1939-இல் இந்த முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையாரே சென்னை அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். நான் பயிற்சி எடுத்தது வெகுகாலம் கழித்துத்தான். கருவிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதெல்லாம் சுலபம். சும்மா உட்கார்வதுதான் பெரும்பாடு. ஒரு மூன்றரை வயதுக் குழந்தை திணறியபோது என் விரல் தானாக நீண்டது. பயிற்சியாளர் கண்ணாலேயே தடுத்தார். கொஞ்ச நேரத்தில் குழந்தை எல்லா உருளைகளையும் வெளியே எடுத்து மறுபடி தொடங்கியது.

சரி, அப்படியானால் குழந்தையைத் திருத்தவே கூடாதா என்று பலர் கேட்பார்கள். அப்படியில்லை, பக்கத்துக் குழந்தையை அடித்தாலோ உருளையை வீசினாலோ உடனே தடுத்தே ஆக வேண்டும்.